சோமாலியாக் கல்லைத் தேடிய மதியம்

1. போனில் வந்த பாண்டிச்சேரி மேடம்

எள்ளிலிருந்து கல்லைப் பிரிப்பதுதான் இருபத்தாறு வருடம் என் பிழைப்பு. அதில் ஒரே ஒரு நாள், பிரித்த கல்லைத் தேடிப் பட்டறையே மண்டி போட்டது. அந்தக் கூத்துக்குக் காரணம் நான்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். வேறு யாராவது எழுதினால் இன்னும் மோசமாக எழுதுவார்கள்.

எங்கள் பட்டறை திண்டிவனம் பைபாஸை ஒட்டி இருக்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, எள், உளுந்து இவற்றில் கிடக்கும் கல்லையும் மண்ணையும் பிரிக்கிற டீஸ்டோனர் மெஷின் செய்கிறோம். சரிவான சல்லடைத் தட்டு ஒன்று ஆடும். அடியிலிருந்து புளோயர் காற்று அடிக்கும். எள் காற்றில் மிதந்து கீழ்ப்பக்கம் இறங்கும், கனமான கல் தட்டோடு ஒட்டி மேலே ஏறி வேறு வாய் வழியாக விழும். மெஷினைச் செய்வது ஆண்கள். தானியத்தை ஓட்டிப் பார்த்து ஓகே சொல்வது நானும் கெடார் கிராமத்திலிருந்து வரும் கஸ்தூரியும். நாங்கள் தலையாட்டாமல் ஒரு மெஷினும் வாசல் தாண்டாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

ஒருநாள் முதலாளி ஏழுமலை போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"எள்ளு மெஷின் வோணும் சார். இன்னா ரேட்டு? ஜல்தி சொல்லுங்க, நெட்டு கட் ஆயிக்கினே கீது" என்றது ஒரு பெண் குரல்.

அரை மணி நேரம் பேரம். போனை வைத்த முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாண்டிச்சேரி பார்ட்டிதான், பேச்சுலியே தெரியுது. பேரு ஹோதனாம். சந்தையில மாடு புடிக்கிறவன் கூட இப்டி பேரம் பேச மாட்டான்."

மறுநாள் கொட்டேஷனுக்கு விலாசம் வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டுத் திரும்பப் போன் போட்டார். "மேடம், சோமாலியான்னு போட்டிருக்கீங்களே, அது பாண்டில எந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு ஓய ரொம்ப நேரம் ஆனது. ஹோதன் சோமாலியாக்காரி. பாண்டிச்சேரியில் ஐந்து வருடம் தங்கி விவசாய இன்ஜினியரிங் படித்தவள். பாடத்தை இங்கிலீஷில் படித்தாள், தமிழ்ப் பேச்சை மீன் மார்க்கெட்டில் படித்தாள்.

2. எந்தக் கட்சி?

மெஷின் தயாரானதும் டிரையல் பார்க்க ஹோதன் நேரில் வந்தாள். நல்ல உயரம், தலையில் நீலத் துணி, கையில் இழுக்க முடியாத பெட்டி. பெட்டிக்குள் துணிமணி இல்லை. இருபது கிலோ எள் மூட்டைதான் இருந்தது.

முதலாளி நல்ல மனிதர், வாய்தான் முன்னால் ஓடும். "உங்க ஊர்ல கப்பல் கொள்ளைக்காரங்க நெறைய பேர் இருக்காங்களாமே?" என்று கேட்டுவிட்டார்.

"ஆமா சார், அதுல ஒருத்தி நானு. மெஷினைக் குடுத்துட்டு ஓரமா நில்லுங்க" என்றாள் ஹோதன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்க கடல்ல பூந்து மீனை வாரிக்கினு போன வெளிநாட்டுக் கப்பலைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டேன்றாங்க சார்" என்றாள். முதலாளி மரியாதையாக ஓரமாக நின்றார்.

எங்கள் மெஷின் எல்லாமே பச்சை. அவளோ வானநீலம் அடித்து, நடுவில் ஐந்து முனையோடு ஒரே ஒரு வெள்ளை நட்சத்திரம் வரையச் சொல்லியிருந்தாள். எங்கள் பெயிண்டர் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் சின்னம் வரைகிறவர். தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி அவளிடம் கேட்டார். "இது எந்தக் கட்சிங்க? நான் பார்த்ததே இல்லியே."

"கட்சிக் கொடி இல்லண்ணே, எங்க நாட்டுக் கொடி."

அவர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு வரைந்தார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

சாப்பாட்டு வேளையில் அவள் பிரியாணியோடு வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். அவள் ஊரில் அப்படித்தானாம். கஸ்தூரியும் பிசைந்து பார்த்தாள். "நல்லாத்தான் கீதுக்கா" என்று என் பழத்தையும் எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டபடியே ஹோதன் கதை சொன்னாள். "எங்க எள்ளுல கல்லு கீதுன்னு சொல்லி யாவாரி அடிமாட்டு வெலைக்கு வாங்கிக்கினு போறான்க்கா. வேற நாட்டுல சுத்தம் பண்ணி, அந்த நாட்டுப் பேரு போட்டு விக்கிறான். கல்லு மட்டும் எங்க பேர்ல, எள்ளு அவன் பேர்ல."

"அடப்பாவி" என்றேன்.

"வருசக்கணக்கா மழை இல்ல. ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் செத்துது. அப்பறம் ஆறு ஒரேயடியா வந்து ஊருக்குள்ள பூந்துடுச்சு. தண்ணி வடிஞ்ச சேத்துல எங்க பொம்பளைங்க எறங்கி எள்ளு வெதச்சாங்க. அதுதான் இந்த மூட்டை. எங்க பக்கம் எத்தினி ஃபேக்டரி கீதுன்னு வெரல் வுட்டு எண்ணிடலாம்க்கா. பொகை வுட்டவன் எங்கியோ குளுகுளுன்னு கீறான், வெயில் மட்டும் கரெக்டா எங்க வூட்டு விலாசம் கேட்டுக்கினு வருது."

திருவெண்ணெய்நல்லூரில் என் தங்கை வயலில் பெண்ணையாறு ஏறி வந்து, கரும்பை மூடி மணலைக் கொட்டிவிட்டுப் போனதை அவளிடம் சொன்னேன். அவள் எச்சில் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

விஷயம் இதுதான். அவள் ஊர்ச் சங்கத்தில் இருநூறு குடும்பம். கல் இல்லாத எள் ஒரு லோடு அனுப்பினால் அவர்கள் நாட்டுப் பேரிலேயே வாங்குவதாக, அதுவரை அதைக் கல்லோடு வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். கல் இருந்தால் அதோடு சரி, இன்னொரு வாய்ப்பு கிடையாது. மெஷினை ஏற்றிப் போகிற கன்டெய்னர் மறுநாள் காலை வரும். அதற்குள் மெஷின் அவர்கள் எள்ளுக்கு செட் ஆக வேண்டும்.

3. நான் பண்ணிய சுத்தம்

ஏற்றுமதிப் பேப்பரில் கையெழுத்துப் போட முதலாளி அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். போகும்போது ஹோதன், "நாலு மணிக்கு வந்துட்றேன்க்கா. என் எள்ளை ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

நான் மூட்டையைப் பிரித்தேன். அம்மாடி. கல், மண், குச்சி, சருகு எல்லாம் இருந்தது. கஸ்தூரி மூக்கில் விரலை வைத்தாள்.

"அக்கா, விருந்தாளி பொண்ணு கொண்டாந்த எள்ளு. மொதலாளி எதுருல இதைக் கொட்டுனா அதுக்கு அசிங்கமா இருக்காதா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அரிசியானாலும் சீரகமானாலும் முறத்தில் போடாமல் அடுப்பேற்றாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அழுக்குத் தானியம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. முறம் எடுத்து வந்தவள் நான்தான், பழியைக் கஸ்தூரி மேல் போட மாட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து புடைத்தோம், நாவினோம், சலித்தோம். மூன்றரைக்குள் இருபது கிலோவும் பளபளவென்று ஆகிவிட்டது. குப்பையை வாரி லேத் பக்கத்து ஸ்கிராப் டிரம்மில் கொட்டினேன். இடுப்பு விட்டுப்போனது, ஆனால் மனசு குளிர்ந்திருந்தது.

ஹோதன் வந்தாள். ஒரு கை எள்ளை அள்ளி விரலால் கிளறினாள்.

"கல்லு எங்கக்கா?"

"ஒரு பொட்டு இல்லம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றேன், பாராட்டுக்குக் காத்துக்கொண்டு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, கடல் தாண்டி நான் தூக்கிக்கினு வந்தது எள்ளை இல்லக்கா. கல்லை."

எந்தக் கல்லைப் பிரிக்க மெஷின் வாங்குகிறாளோ அந்தக் கல்லையே தூக்கிப் போட்டுவிட்டேன். கல்லே இல்லாத எள்ளில் எந்த மெஷினும் பாஸ்தான்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஜெசிந்தாம்மா, மெஷின் வேலையை நீங்களே பண்ணிட்டீங்க. நாளைக்குக் கன்டெய்னர்ல உங்களை ஏத்தி அனுப்பிடட்டுமா?" என்றார். பிறகு ஹோதனிடம் திரும்பி, "நம்ம மண்ணு கொஞ்சம் கலந்து ஓட்டிடலாம் மேடம்" என்றார்.

"உங்க மண்ணைப் போட்டு செட் பண்ணா மெஷின் உங்க மண்ணைத்தான் சார் பிரிக்கும்" என்றாள் ஹோதன்.

4. இது உங்களது, இது எங்களது

ஸ்கிராப் டிரம்மைத் தார்ப்பாயில் கவிழ்த்தோம். இரும்புச் சுருள் மலையாகக் குவிந்தது. அதற்குள் எங்கேயோ சோமாலியா. மெஷின் வாயில் பொருத்துகிற காந்தப் பட்டைகளைக் கழற்றி வந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். ஃபிட்டர், வெல்டர், பெயிண்டர், முதலாளி, எல்லோரும் முட்டி போட்டு இரும்பை இழுத்தோம். இரும்பு போகப் போக மண்ணும் கல்லும் மிஞ்சியது. ஆனால் டிரம்மில் எங்கள் ஊர்க் குப்பையும் இருந்ததே.

ஹோதன் நடுவில் சம்மணம் போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கல்லைக் கொண்டுபோய் நீட்டினோம்.

"இது எங்களுது. இது உங்களுது. இது எங்களுது. இது பீடித் துண்டு, இன்னா நாடுன்னு தெரியல."

கஸ்தூரி சிரித்துச் சிரித்துத் தார்ப்பாயிலேயே சாய்ந்துவிட்டாள். எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ஹோதனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒன்றரைப் படி சோமாலியா தேறியது. அதை நானே சுத்தமான எள்ளில் கொட்டிக் கலந்தேன். "எங்க ஆத்தா பாத்தா வெளக்குமாத்தால அடிக்கும்" என்றாள் கஸ்தூரி.

மெஷினை ஓட்டினோம். கல் எள்ளோடு எள்ளாகவே வந்தது. நான் ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நம் ஊர்க் கல் கறுப்பு, கனம். இது வெளுப்பாக, சின்னச் சின்ன ஓட்டையோடு, கிளிஞ்சல் துண்டு மாதிரி லேசாக இருந்தது. நம் ஊர்க் கல்லுக்கு வைத்த காற்றில் இது எள்ளோடு சேர்ந்து மிதக்கிறது. புளோயரைக் குறைத்து, தட்டின் சரிவை ஒரு நூல் அளவு மாற்றினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் பிரிந்தது. மூன்றாம் தடவை கல்லோடு எள்ளும் சேர்ந்து மேலே ஏறியது. மறுபடி காற்றை மயிரிழை கூட்டினேன். நாலாம் தடவை ஒரு கிலோ எள்ளை வெள்ளைத் துணியில் பரப்பி ஆறு பேர் தேடினோம். ஒரு கல் இல்லை.

ஹோதன் எழுந்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். அவள் ஊர்க் கல்யாணத்தில் பெண்கள் அப்படிப் போடுவார்களாம். கஸ்தூரியும் பதிலுக்குப் போட்டாள். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். "மெஷினுக்கு" என்றார் முதலாளி.

5. வாயில் மண்

சில மாதம் கழித்து ஹோதன் போன் செய்தாள். முதல் லோடு போய்ச் சேர்ந்ததாம். வியாபாரி பிரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இது சோமாலியா எள்ளே இல்லை, வேறு நாட்டு எள்ளை மாற்றி அனுப்பி ஏமாற்றுகிறீர்கள் என்று பணத்தை நிறுத்திவிட்டானாம்.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. கல் இருந்தால் உங்கள் எள், கல் இல்லாவிட்டால் உங்கள் எள் இல்லை. இது என்ன நியாயம்? "அவன் வாயில மண்ணைப் போட" என்று கத்தினேன்.

"அதைத்தான்க்கா போட்டேன்" என்றாள் அவள். மெஷின் துப்பிய கல்லையும் மண்ணையும் ஒரு பை நிறையக் கட்டி, கூரியரில் அனுப்பினாளாம். இது எங்கள் மண், உன் பழைய மூட்டைகளில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார், இதை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை உனக்கு அனுப்பினோம் என்று கடிதமும் வைத்தாளாம். அவன் ஒப்பிட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டு பணத்தை அனுப்பினான்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். டெஸ்டிங்குக்கு வந்த சாம்பிளைச் சுத்தம் பண்ணாதீர்கள். கை துறுதுறுத்தால் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் மூட்டையில் நமக்குக் குப்பையாகத் தெரிவது எதற்காக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதைக் கற்க எனக்கு இருபத்தாறு வருடமும் ஒரு ஸ்கிராப் டிரம்மும் தேவைப்பட்டது.

போனை வைக்கப் போன ஹோதனிடம், இரண்டாவது லோடுக்கு என்ன விலை சொன்னான் என்று கேட்டேன்.

"அவன் சொல்லலக்கா. இந்த வாட்டி நாங்க சொன்னோம். அவன் கேட்டுக்கினான்."