சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இரைச்சல்

மூன்று வருடங்களுக்கு முன்பு பாளையங்கோட்டையில், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டை வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஆபீஸ் விட்டு வந்தால் எனக்கு ஒரே பைத்தியம்தான், எலக்ட்ரானிக்ஸ். பொதுச்சுவரை ஒட்டி ஒரு மேஜையைப் போட்டு, ஈயம் உருக்கி ஒட்டவைக்கும் சால்டரிங் அயர்ன், பழைய போர்டுகள், வயர்த் துண்டுகள் என்று ஒரு குப்பைமேட்டையே வைத்திருந்தேன். பழைய ஸ்டெபிலைசரிலிருந்து கழற்றிய கனமான டிரான்ஸ்பார்மரைக் கொண்டு ஒரு பவர் சப்ளையும், சால்டரிங் அயர்னின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும் நானே செய்திருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, மாடித் தொட்டி நிறைந்ததும் தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு கருவியோடு. நிறுத்த வேண்டிய நேரத்தில் அது நிறுத்தாது. தொட்டி வழிந்து மாடிப்படியில் தண்ணீர் இறங்கும். அடுத்த நாள் பாதித் தொட்டியிலேயே நிறுத்திவிடும், மனைவி தலையில் ஷாம்புவோடு நிற்பாள்.

"சுவிட்ச அமுக்க ஒரு வெரலு போதும்லா. அதுக்கு நாலு மாசமா?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

இந்த எரிச்சலுக்கு நடுவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பெல் அடிப்பார். ஐம்பது வயதிருக்கும். கணவர் தவறிவிட்டார். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகி, காதில் மிஷின் வைத்திருந்தார். அதில் போன் பேசுவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் வெளிச்சத்தம் அடங்கி, போனில் பேசுகிறவர் குரல் மட்டும் கேட்குமாம்.

"தம்பி, மக பேசும்போது மட்டும் வண்டு கணக்கா ஒரு எரச்சலு வருது. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. நீங்க இதெல்லாம் நோண்டுதியள்லா, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

மேஜையை விட்டு எழுந்தால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கவனம். அணைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய், சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதென்று அவர் எப்போதும் உட்காருகிற பொதுச்சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, மிஷினின் போன் பட்டனை அமுக்கிக் காதருகே வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இரண்டாவது முறையும் அப்படியே.

மூன்றாவது முறை அவர் வந்த அன்று சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, மிஷின்ல ஒண்ணுமே இல்ல. மகளையே நெனச்சிட்டு இருக்கியள்லா, அதான் ஒங்களுக்கு அப்படித் தோணுது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அப்படியும் இருக்குமோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

மிஷின் வாங்கிய இடத்திலும் பழுது இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். போனை மாற்றியும் பயனில்லை. மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள், சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் பேசுவாள். நானும் அந்த நேரத்தில்தான் மேஜையில் உட்காருவேன். மற்றவர்கள் பகலில் பேசினால் அக்காவுக்கு நன்றாகக் கேட்கும். "எல்லாரு பேசுறதும் கேக்கு, நான் பேசுனா மட்டும் கேக்கலையாம்மா?" என்று மகளுக்கு மனத்தாங்கல்.

ஒருநாள் மனைவி வந்து சொன்னாள். அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பம். டாக்டர் படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்ல, உடனே வரச்சொல்லி அம்மாவிடம் அழுதிருக்கிறாள். இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், 'என்ன, என்ன' என்று கேட்டுச் சலித்துப்போன அக்கா, "சரிட்டி, நல்லது, பாத்துக்கோ" என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் மருமகன் மெசேஜ் அனுப்பித்தான் விஷயமே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மகள் போனை எடுப்பதில்லை. அக்கா அடுத்த நாள் ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

"நல்ல மிஷினா வாங்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நான் மறுபடி மேஜைக்குப் போனேன்.

ஜன்னல் வழியாக அக்காவின் குரல் கேட்டது. காது மந்தம் என்பதால் சத்தமாகத்தான் பேசுவார். மகள் ஒருவழியாகப் போனை எடுத்துவிட்டாள் போல. "ஏட்டி, வச்சிராத. நாளைக்கு வண்டி ஏறுதேன்..."

நான் பவர் சப்ளையைப் போட்டேன்.

"ஐயோ, வந்துட்டு! என்னட்டி சொல்லுத? கேக்கலையே!"

என் கருவி வழக்கம்போல் வேலை செய்யவில்லை. அணைத்துவிட்டு ஒரு வயரை மாற்றினேன்.

"ஆங், இப்ப கேக்குது. சொல்லு."

போட்டேன். "போச்சு, மறுபடியும் வந்துட்டு!"

என் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. அணைத்தேன். அவர் பேச ஆரம்பித்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தேன். "கர்த்தாவே, என்னால முடியலையே" என்று அழுகைச் சத்தம் வந்தது. பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதற்குள் மகள் போனை வைத்துவிட்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். டிரான்ஸ்பார்மரின் காந்தம் சுவரைத் தாண்டி வந்து மிஷினுக்குள் இரைச்சலாகிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"மூணு தடவ வந்தேன்லா தம்பி. பாக்க வந்தப்பல்லாம் அத அணைச்சிட்டுத்தான் வந்தியளா?"

"ஆமாக்கா."

"எனக்குப் புத்தி பேதலிச்சிட்டுன்னு நானே நம்பிட்டேன். டாக்டர்ட்ட போயி மாத்திர வாங்கித் தின்னுட்டு இருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எங்கிட்ட சொல்லாண்டாம். அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணை என் போனிலிருந்து அழைத்து, என் மேஜை, என் டிரான்ஸ்பார்மர், நான் அக்காவிடம் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அம்மாவுக்கு நெசமாவே கேக்கலையா?" என்றாள்.

"நெசமா கேக்கலம்மா. தப்பு எம்மேலதான்."

"அம்மாட்ட போனக் குடுங்க."

கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். முதல் முறையாக அக்கா மகளிடம் 'என்ன' என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் பேசினார்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர் என்னோடு பழையபடிதான் பேசினார். ஆனால் 'பரவாயில்ல தம்பி' என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கும் தகுதியில்லை.

யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது, நான் பார்த்தவரை ஒன்றும் இல்லையே என்று சொல்ல இப்போதும் என் நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் பார்க்காத நேரத்தில் அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் வாயைத் திறப்பதில்லை.