காதுகுத்து பேனரில் ஓர் ஒல்லி மனிதர்

எனக்குக் காது குத்திய அன்று என் காதைவிட அதிகமாகச் சிவந்தது மாமாவின் முகம்தான்.

நெமிலிச்சேரியில் பேனர் வைக்காமல் குத்தினால் காது தூர்ந்துபோகும் என்று நினைப்பு. மாமா செலவில் தெருமுனையில் பெரிய பேனர் நின்றது. நடுவில் கூலிங் கிளாசுடன் நான். பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக மாமா. மேலே ‘நல்லாசியுடன் கொள்ளுத்தாத்தா’.

அங்கேதான் கோளாறு.

கொள்ளுத்தாத்தா ஹிட்லர் சண்டையில் பட்டாளத்து லாரி ஓட்டி ஜெர்மனி வரை போனவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு போட்டோ உண்டு. முள்வேலி முன்னால் மீசையும் சதையுமாக ஒரு சிப்பாய். பக்கத்தில், கோடு போட்ட சட்டையில் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைக்காரர். மாமா தாத்தாவைப் பார்த்ததே கிழவராக, குச்சியாகத்தான். ஆகவே ஒல்லியாக இருப்பவர்தான் தாத்தா என்று அந்தத் தலையைக் காட்டிவிட்டார். பேனர் கடைக்காரர் அதற்குப் பட்டுச் சட்டை மாட்டி, தங்கச் சங்கிலியும் போட்டிருந்தார்.

“இன்னா மச்சான், எவனோ வெள்ளக்காரனை நம்ம குடும்பத்துல சேத்துக்கீற?” என்றார் அப்பா.

“பழைய போட்டோல எல்லாரும் செவப்பாத்தான் தெரிவாங்க மாமா.”

“மொதல்ல கழட்டு!”

“கழட்டுனா நான் கெளம்பிடுவேன். சைக்கிளும் கெளம்பும்.”

அந்தச் சைக்கிள் மாமா எனக்குக் கொண்டுவந்த சீர். “தாத்தாவைக் கேளுங்க!” என்று அலறினேன்.

தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடத் தோதாக மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சட்டை நல்லாகீது,” என்றார் தாத்தா. “இருக்கட்டும். கழட்டாதீங்க.”

சைக்கிள் பிழைத்தது.

பந்தியில் தாத்தா தன் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொன்னார், பேனரில் இருந்தவருக்காக. மாமா குஷியில் பிரியாணியை அள்ளி அள்ளி வைத்தார். தாத்தா அவர் கையைப் பிடித்துக் கத்தினார்:

“டேய், அவ்ளோ வெக்காத! அவன் வயிறு தாங்காதுடா! கஞ்சி குடு, கஞ்சி!”

பந்தியே சிரித்தது. படத்துக்கு அஜீரணமா என்று நான் சிரித்ததில் புதுக் கம்மல் ஆடி, காது வலித்தது.

போட்டோவின் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை நான் படித்தது, தாத்தா போய் வெகுநாள் கழித்து.

‘ஹிட்லர் ஆட்கள் ஜனங்களைப் பட்டினி போட்டுக் கொன்ற முகாம். வெளியே பிணங்கள் விறகுபோல் அடுக்கியிருந்தன. இவனுக்கு உயிர் இருந்தது. பசி என்று சைகை காட்டினான். என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். காய்ந்த வயிறு தாங்கவில்லை. காலையில் செத்துக் கிடந்தான். பேர் கேட்கவில்லை.’

காது குத்திய அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சைக்கிள் இன்னும் வாசலில்தான் நிற்கிறது என்பது மட்டுமே.