பவுனுக்கு ஒரு ஃபேன்

எங்கள் சித்தப்பா வாங்கிவந்தது வெள்ளைக் குதிரை. அதற்கு அவர் வைத்த பெயர் பவுனு. வெள்ளைக் குதிரைக்கு வெள்ளி என்றுதானே வைக்க வேண்டும் என்று கேட்டேன். "வெள்ளின்னு வெச்சா கல்யாணக்காரன் ரேட்டைக் கொறைப்பான் பாப்பா" என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும். மில்லை மூடியபோது அவரோடு தறி ஓட்டியவர்களில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் டிபன் கடை போட்டார்கள், பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மூட்டை கட்டினார்கள். சித்தப்பா மட்டும் குதிரை வாங்கினார். ஆட்டோ ராத்திரியெல்லாம் சும்மா நிற்கும், குதிரை நிற்கும்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். இதையெல்லாம் ஒரு நியாயமென்று அவர் பேச, நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பாவும் அதே மில்தான். பஞ்சு அடிக்கிற மிஷினில் இருந்தார். மில் போனபிறகு உழவர்கரையில் ஒரு ஃப்ளாட்டுக்குப் பகல் வாட்ச்மேனாகப் போய்வந்தார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். சாரம் என்கிற பேட்டையில் எங்கள் வீடு ஷீட் போட்ட வீடு. பின்னால் ஒரு தென்னைமரம், அதை ஒட்டிப் பவுனின் கொட்டகை, அதற்கும் பின்னால் வாய்க்கால். சாயங்காலத்தில் பவுனு பீச்சுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பு. நான் அப்போது ஐந்தாவது. வாலைச் சீவிப் பின்னல் போடுவது என் பொறுப்பு. எனக்கு அம்மா போடும் பின்னலைவிட அது நன்றாகவே இருக்கும்.

அந்தப் புரட்டாசியில் தினமும் பொழுது சாய்ந்தால் ஒரு தூறல், பிறகு ஒரே புழுக்கம். பவுனு கழுத்தைத் தென்னைமரத்தில் தேய்க்க ஆரம்பித்தது. முதலில் நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். நாலு நாளில் பிடரி மயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்து, உள்ளே ரத்தம் கசியும் புண். பீச்சில் ஓர் அம்மா, ஏறப்போன பையனை வெடுக்கென்று இழுத்து, "சொறிக் குதிரைடா, கிட்ட போவாத" என்றாள். சித்தப்பா அன்றே குதிரையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்திருந்த மண்டபத்துக்காரர் வந்து பார்த்து, மாப்பிள்ளை ஃபோட்டோவில் புண்ணா விழ வேண்டும் என்று கேட்டார். ஐப்பசி பிறப்பதற்குள் ஆறாவிட்டால் கடலூரிலிருந்து வேறு குதிரை வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா அம்மாவிடம், ஆறலைன்னா பவுனை விழுப்புரத்துத் தரகனுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூர் போகிறேன் அண்ணி என்றார். நான் வீடே அதிரும்படி அழுதேன். பவுனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை என்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? அப்பா அம்மாவா? அவர்கள் எங்கே போகப்போகிறார்கள்!

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்குக் கண்ணேறு. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், புகையில் குதிரையும் நானும்தான் தும்மினோம். சித்தப்பாவுக்குக் கொள்ளுச் சூடு. கொள்ளை நிறுத்திவிட்டு நீராகாரம் ஊற்றினார், பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் மாட்டு டாக்டர் வந்தார். பூச்சிக்கடி என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சில குதிரைக்கு இது ஒத்துக்கொள்ளாதாம், கடித்த இடமெல்லாம் அரித்துக் கொட்டுமாம். மருந்து தந்தார். ஆனால் கடி நிற்காமல் மருந்து பூசி ஒன்றும் ஆகாது, பொழுது சாயும்போது பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

எந்தப் பூச்சி? அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கொசு தெரியும். மாட்டு ஈ தெரியும், அது உட்கார்ந்தால் பவுனு அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும். இது அதுவல்ல. அன்று சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு பவுனின் கழுத்தோடு கழுத்தாக நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மயிர்க்காலில் ஒட்டியிருந்த தூசி நகர்ந்தது. தூசி எங்கேயாவது நடக்குமா? கேழ்வரகில் பாதி கூட இருக்காது, அதற்கு இறக்கை வேறு! விரலால் நசுக்கினேன். சொட்டு ரத்தம். பவுனின் ரத்தம். அட பாவிங்களா, இத்தனூண்டு இருந்துகொண்டா எங்கள் வீட்டைக் கலைக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

சித்தப்பா வேப்பெண்ணெய் பூசினார். பூசிய கொஞ்ச நேரம் சரியாக இருந்தது, வியர்த்ததும் வழிந்துபோனது. அம்மா வீட்டிலிருந்த கொசுவலையை வெட்டிப் பவுனுக்கு மேல்சட்டை தைத்தாள். கழுத்து, முதுகு, வயிற்றுக்குக் கீழே நாடா என்று அளவெடுத்து, மிஷினில் ஓட்டி, ஓரத்தில் என் பழைய பாவாடை லேஸும் வைத்தாள். என்ன இருந்தாலும் பொம்பளைக் குதிரை இல்லையா என்றாள். போட்டதும் பவுனு அவ்வளவு அழகாக இருந்தது. பூச்சிகளுக்கும் பிடித்திருக்க வேண்டும். வலையின் கண்ணில் நுழைந்து உள்ளே போய் நிம்மதியாகக் கடித்தன. டார்ச் அடித்துப் பார்த்து நான்தான் வந்து சொன்னேன். கொசுவுக்கு நெய்த வலை, கொசுவைவிடப் பொடிசுக்கு எப்படி ஆகும்?

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவருடைய யோசனை என்றால் கொஞ்சம் பயம்தான். தெருவில் கொசுப் புகை அடிக்க வருகிற ஆளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, கொட்டகைக்குள்ளும் ஒரு அடி அடிங்க என்றார். அந்த ஆள், குதிரை மிரளாதா என்று கேட்டார். "பேண்டு வாத்தியத்துக்கே மிரளாத குதிரைங்க இது" என்று சித்தப்பா மார்தட்டினார். அந்த ஆள் மிஷினை இழுத்துவிட்டார். அது பேண்டு வாத்தியம் மாதிரியா இருந்தது? இடி இறங்கியது மாதிரி இருந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்ப, கயிற்றை அறுத்துக்கொண்டு பவுனு சந்தில் பாய்ந்தது, லேஸ் வைத்த சட்டையோடு.

சித்தப்பா டிவிஎஸ்ஸை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் குதிரை பார்த்தீங்களா, குதிரை பார்த்தீங்களா என்று கேட்டுக்கொண்டே போனோம். பஸ்ஸிலும் லாரியிலும் அடிபட்டுவிடுமோ என்று ஒவ்வொரு முனையிலும் எட்டி எட்டிப் பார்த்தேன். நேரு வீதி முனையில் ஒரு பூக்காரம்மா, "வெள்ளையா போட்டுக்கினு ஒண்ணு போச்சு. மாப்ளை பின்னாடி வர்றாரா?" என்றாள். சிரிக்கிற நேரமா அது! ஆனால் அவள் கை காட்டியது கிழக்கே. பவுனு தினம் போகிற வழியில்தான் போயிருந்தது.

பீச் ரோட்டில், காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளிப் பவுனு கடலைப் பார்த்து நின்றிருந்தது. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்க பொண்ணா இது? நைட்டியோட வந்துடுச்சே" என்றார் சித்தப்பாவிடம். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. பவுனின் முகத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் பார்த்தது வேறு. பவுனின் வால் சும்மா தொங்கியது. பொழுது சாய்கிற அந்த நேரத்தில் அந்த வால் நின்று நான் பார்த்ததே இல்லை. உடம்பைச் சிலிர்க்கவில்லை, எதிலும் உரசவில்லை. சித்தப்பாவின் பையிலிருந்த டார்ச்சை உருவிக் கழுத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை. ஏன் இல்லை? கடல் வாசனைக்கா, உப்புக்கா? பக்கத்தில் ஒரு பையன் தின்று முடித்த சுண்டல் காகிதத்தைக் கீழே போட்டான். அது கீழே விழவே இல்லை. காற்று தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போயிற்று. காகிதமே நிற்க முடியாத காற்றில் கேழ்வரகில் பாதி எப்படி நிற்கும்?

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரி சாப்பிடும்போது எல்லோரிடமும் சொன்னேன்: பவுனுக்கு ஒரு ஃபேன் வைத்தால் போதும்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். அப்பாவின் கட்டில் தலைமாட்டில் ஸ்டூல் மேல் இருக்கும், அவர் முகத்துக்கு நேராக. அதன் கழுத்தை யாரும் திருப்பக்கூடாது. மீனில் நடுத்துண்டு அப்பாவுக்குப் போவது மாதிரி இதுவும் அவருடைய உரிமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்னொன்று வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அந்த மாதம் குதிரைக்குத் தவிடு வாங்கவே சித்தப்பா திண்டாடிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதும் அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "வாய மூடு பாப்பா" என்றார் சித்தப்பா. அவர் என்னை அதட்டியது அதுதான் முதல்தடவை. காலையில் விழுப்புரத்துக்கு ஃபோன் பண்ணிவிடுகிறேன் என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், ஒருவராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். ஃபேன் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, ஃபேனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

"அண்ணே, வேணாம்ண்ணே" என்று சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

"எனக்கின்னாடா? வாசல்ல காத்து பிச்சிக்கினு அடிக்குது, அங்க போட்டுக்கறேன்" என்றார் அப்பா.

வாசலில் ஓர் இலை அசையவில்லை.

பழைய டிரம் மேல் ஃபேனை வைத்து, சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை ஓடவிட்டோம். முதலில் பவுனு காதை மடக்கிக்கொண்டு முறைத்தது. பிறகு மேலுதட்டைத் தூக்கிக் காற்றைக் குடிப்பதுபோல் நின்றது. டார்ச் அடித்தேன். உட்கார வந்த பூச்சியெல்லாம் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போயின. நான் கைதட்டிக் குதித்தேன். மருந்து ஒட்டியது, புண் காய்ந்தது. ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் பிரஷ் மாதிரி முளைத்திருந்த பிடரியை அம்மா மல்லிகைச் சரத்தால் மூடிவிட்டாள். பேண்டு வாத்தியத்துக்குப் பவுனு மிரளவில்லை. சித்தப்பா திருப்பூருக்குப் போகவில்லை. இன்று அவரிடம் மூன்று குதிரைகள், மூன்றுக்கும் தனித்தனி ஃபேன்.

ஃபேனைக் கொடுத்ததிலிருந்து அந்தப் புரட்டாசி முடியும்வரை அப்பா படுத்து நான் பார்க்கவில்லை. எப்போது ஒன்றுக்குப் போக எழுந்தாலும் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். தூங்கலியாப்பா என்றால், பவுனைப் பாத்துக்கணும் இல்ல என்பார். எங்கப்பா ராத்திரியெல்லாம் எங்கள் குதிரைக்குக் காவல் என்று வகுப்பில் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். அத்தனை வருஷம் மில்லில் இழுத்த பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் இருந்ததும், முகத்துக்கு நேரே காற்று இல்லாமல் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. பவுனைக் கட்டியிருந்தது கொல்லையில். அப்பா உட்கார்ந்திருந்தது தெருவாசலில். பொடிப்பூச்சியைக்கூட விடாமல் பார்த்த என் கண்ணுக்கு அது மட்டும் படவே இல்லை.