ஹாஜியாரின் எஞ்சினுக்கு ஒரு டேங்க்

எஞ்சின் பழுது பார்க்கும் தொழிலில், வண்டி ஓடினால் அது நல்ல வண்டி. நின்றுவிட்டால் அதைக் கடைசியாகத் தொட்டவன் கெட்ட பாஸ். இதே தொழிலில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் கண்டிப் பக்கத்தில் மேசன், தச்சன், மெக்கானிக் எல்லாருமே 'பாஸ்'தான். கெலிஓயாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் கராஜ் என்னுடையது.

கடுகண்ணாவ ஏற்றம்

மடவளையில் மொத்த அரிசி வியாபாரம் செய்யும் ஹாஜியாரின் லொறி எஞ்சினை முழுதாகப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் பூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள், கொழும்பிலிருந்து மூட்டை ஏற்றி வரும்போது கடுகண்ணாவ ஏற்றத்தின் நடுவில் லொறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா விட்டார்களாம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனதாம். என் கராஜுக்கு வந்தால் தங்கமாக ஓடுகிறது. மறுவாரம் அதே ஏற்றத்தில் அதே கூத்து. ஃபில்டரை மாற்றினேன், பம்பைக் கழற்றிப் பார்த்தேன். டேங்கின் பக்கம் கையை நீட்டியபோது மட்டும் ஹாஜியார் தடுத்துவிட்டார். அது போன மாதம் மாற்றிய டேங்க், பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை, அதைத் தொடத் தேவையில்லை என்றார். நானும் தொடவில்லை.

மூன்றாவது தடவையும் நின்றதும் மடவளைக் கடைவீதி முழுக்க என் பெயர் நாறியது. வேலை தருவதாகச் சொல்லியிருந்த இரண்டு லொறிக்காரர்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். எஞ்சினை லொறியிலிருந்து இறக்கி, வெளியே வைத்தே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஹாஜியாரிடம் வாயை விட்டேன். அவர் உடனே நாள் குறித்தார்.

"வாற வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி வாறேன் பாஸ். எண்ட கண்ணுக்கு முன்னால ஒரு மணித்தியாலம் ஓடோணும். ஓடாட்டி எஞ்சின வேற பாஸ்ட்ட கொண்டு போறேன்."

ட்ரிப் ஏற்றிய எஞ்சின்

பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வேலை செய்யும் ஜோசப், பழைய இரும்புக் கட்டில்கள் இரண்டை அறுத்து ஒரே நாளில் எஞ்சினுக்கு ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்தான். சிலுவை போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவான். அதனாலோ என்னவோ, எஞ்சினைத் தூக்கி வைத்தபோது ஸ்டாண்ட் அசையவே இல்லை. ரேடியேட்டர் வைத்தோம், பெட்டரி வைத்தோம். டீசலை எதில் ஊற்றுவது என்பதை மட்டும் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. லொறியின் டேங்கைத்தான் ஹாஜியார் தொட விடமாட்டாரே.

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழி இருக்கிறது. காலி சேலைன் போத்தலில் பெட்ரோல் ஊற்றி, நோயாளிக்கு ட்ரிப் ஏற்றுவது போலக் கொக்கியில் தொங்கவிட்டு, குழாயைச் செருகிவிடுவார்கள். நானும் அதையே செய்தேன். ஆனால் லொறி எஞ்சின் போத்தலைச் சில நிமிடங்களில் காலி செய்தது. எரிந்தது போக மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயை ஒரு பெயின்ட் வாளிக்குள் விட்டிருந்தோம். வாளியிலிருந்து அள்ளி மறுபடி போத்தலுக்குள் ஊற்றுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது. எஞ்சின் இருமியது, புகை கக்கியது, நடுங்கியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, தொங்கும் போத்தலையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா?"

எண்ணெய் டின்

பெரிய பாத்திரம் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வைத்த பெரிய சதுர டின் ஒன்று காலியாகக் கிடந்தது. மனைவியிடம் கேட்டேன். அரிசி போட்டு வைக்க எடுத்து வைத்தது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டே கொடுத்தாள். அது மார்கழிக் குளிர். டின்னின் அடியில் வெள்ளையாக இருந்ததை உள்ளே பூசிய பூச்சு என்று நினைத்தேன். பார்த்தால் அப்படித்தான் இருந்தது, நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஜோசப் பக்கத்தில் துளை போட்டு, ரப்பர் வாசர் வைத்து, திறந்து மூட ஒரு டெப்பைப் பூட்டினான்.

எஞ்சின் அருமையாக ஓடியது. திரும்பி வரும் டீசல் சூடாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில், நான் பூச்சு என்று நினைத்தது மெதுவாக உருகத் தொடங்கியது. எல்லாம் தேங்காய் எண்ணெய். முதலில் வாசம்தான் வந்தது. எனக்கே பசித்தது. அடுத்த நாள் காலையில் குழாய் முழுக்க எண்ணெய் உறைந்து அடைத்துக் கிடந்தது. அதைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க அரை நாள் போனது. ஆனால் அந்த முதல் நாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு த்ரீவீலர்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தலையை உள்ளே நீட்டினார்.

"அண்ணே, பருப்பு வடை ஒரு பத்துக் கட்டுங்க. சூடா இருக்கிறதா பாத்துப் போடுங்க."

மாஸ்டர் குடிக்காத தேத்தண்ணி

வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஜோசப் எங்கிருந்தோ ஒரு பித்தளை பொய்லரைத் தூக்கி வந்தான். மூடிவிட்ட தேத்தண்ணிக் கடை ஒன்றின் சொத்து. அடியில் நல்ல டெப், மேலே மூடி, வேண்டிய அளவு இடம். இதைவிட நல்ல டேங்க் கண்டியிலேயே கிடைக்காது என்று அடித்துச் சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. டீசலை நிரப்பி எஞ்சினுக்கு மேலே ஒரு பலகையில் ஏற்றிவிட்டு, குழாயை வெட்டி எடுக்கப் பின்பக்கம் போனோம்.

அந்த நேரம் பார்த்து, குண்டசாலையிலிருந்து யாழ்ப்பாணத்து மாஸ்டர் தன் பழைய காரைக் காட்ட வந்திருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எப்போது வந்தாலும் என் கராஜில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்றைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தானே ஒரு கோப்பையை எடுத்து, டெப்பைத் திறந்து பிடித்திருக்கிறார். நாங்கள் ஓடி வந்தபோது கோப்பையை மூக்கருகே வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவர் முகர்ந்து பார்க்காமலே குடித்துவிடுவார் என்ற பயத்தில் பொய்லரை அன்றே இறக்கிவிட்டோம். மாஸ்டர் கோபிக்கவில்லை. கோப்பையைப் பக்குவமாகக் கதிரையில் வைத்தார்.

"ஓம் தம்பி, நான் சீனி போடேல்லை. நீங்கள் திருப்பி ஊத்தலாம்."

வெள்ளிக்கிழமை

ஜும்மா முடிந்து ஹாஜியார் வந்தார். தனியாக வரவில்லை, சாட்சிக்குக் கடைவீதி வியாபாரிகள் மூன்று பேர். அன்றைக்கு எஞ்சின் நின்றால் கதை இரவுக்குள் மடவளை முழுக்கப் போய்விடும், பிறகு நான் கராஜைப் பூட்ட வேண்டியதுதான். டேங்க் கிடைக்காத கதையைச் சொன்னேன். எண்ணெய் டின்னையும் பொய்லரையும் பார்த்து முகம் சுளித்தார். தன் எஞ்சின் கண்டதையும் குடிக்காது என்று சொல்லி, லொறியிலிருந்து தன் டேங்கையே கழற்றச் சொன்னார். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. லொறியில் இருப்பது போலவே எஞ்சினுக்குக் கீழே வைத்துப் பூட்டினோம்.

எஞ்சின் இருபது நிமிடம் இனிமையாக ஓடியது. ஹாஜியார் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் மூச்சு விட்டேன். அப்போது ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு அமைதி. மூன்று வியாபாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக் கையைத் தூக்கினால் கை முழுக்க கிரீஸ்.

ஜோசப் மூலையில் கிடந்த சேலைன் போத்தலை எடுத்து நிரப்பிக் கொக்கியில் மாட்டினான், டேங்கின் குழாயைக் கழற்றிவிட்டு இதைச் செருகினான், டீசல் திரும்பி வரும் குழாயை வாளிக்குள் விட்டான், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினான். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு முழுதாக ஒரு மணித்தியாலம் நிற்கவே இல்லை. வாளியிலிருந்து அள்ளி ஊற்ற எங்கள் இரண்டு பேருக்கும் கை போதவில்லை. வியாபாரிகளும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முறை போட்டார்கள். கடைசிப் போத்தலை ஹாஜியாரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு டேங்கைக் கவிழ்த்தோம். உள்ளேயிருந்து உள்ளங்கையளவு சாரத் துணி ஒன்று விழுந்தது. பெயின்ட் அடித்தவன் துடைத்துவிட்டு உள்ளே போட்டது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச அது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் நல்ல பிள்ளையாக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஹாஜியார் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மடவளைல ஈக்கிற அத்தன கடைலயும் ஒங்கட வேல சரில்லண்டு செல்லிட்டேனே பாஸ். இனி ஒவ்வொரு கடையா ஏறி எண்ட டேங்க்தான் சரில்லண்டு செல்லோணுமா?"

சோதனை ஸ்டாண்டுக்கு எந்த டேங்க் நல்லது என்று கேட்கும் சகோதரர்களே, சேலைன் போத்தல் ஒன்றை எப்போதும் கைவசம் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் தொடத் தேவையில்லை என்று சொல்லும் டேங்கை முதலில் கவிழ்த்துவிடுங்கள்.