மைனா பறந்த காரணம்

கல்லூரி வேலைக்காக என் மகள் தோட்டத்து அந்துப்பூச்சிகளையும் பறவைகளையும் நோட்டில் குறிக்கிறாள்.

பாறசாலையில், தமிழ் பேசும் ஊர்களைப் பிரித்துத் தரக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த கோடை விடுமுறையில் நானும் அப்படி எழுதினேன். தாய்மாமா தினமும் வாங்கிப் படிப்பார்.

"பறவ ஏன் பறந்துதுன்னும் எழுதணும் மக்கா. அதாக்கும் முக்கியம்."

எழுதினேன். "காலை ஆறு மணி. அப்பா வைக்கோல்புரைக்குச் சோறு கொண்டுபோனார். மைனாக்கள் பறந்தன."

மறுநாள் போலீஸ் நேராக அந்த வைக்கோல் கொட்டகைக்கு வந்து, ஒளிந்திருந்த போராட்டக்காரர்களையும் அப்பாவையும் பிடித்தது. நான் மாமாவிடம் கொடுத்திருந்த நோட்டு இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது.

அப்பா ஜெயிலிலிருந்து வந்த அன்று, மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்: "பிள்ளைய ஏசாதீங்க அத்தான். நோட்ட அவ போலீசுக்குக் காட்டிற்றா. கொச்சுப்பிள்ளைக்கு என்ன அறியும்?"

சாகும்வரை அப்பா என்னைத்தான் மன்னித்துக்கொண்டிருந்தார்.