கடைசிப் பக்கம் வரை அழுக்கு

என் அக்கா எந்தப் புத்தகத்தையும் அட்டையைப் பார்த்து எடை போட மாட்டாள். பக்கங்களின் ஓரத்தைத்தான் பார்ப்பாள். பொது நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக, திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. ஓரத்தில் விரல் அழுக்கு எதுவரை படிந்திருக்கிறதோ அதுவரைதான் ஆட்கள் படித்திருக்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஒருமுறை ஒரு துப்பறியும் நாவலை என்னிடம் காட்டினாள். முன்னாலும் பின்னாலும் கறுப்பு, நடுவில் வெள்ளை. "கொலைகாரன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். செத்தது யாருன்னு கேட்டா முழிப்பாங்க," என்றாள்.

போன வருடம் நூலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுக்கும் வேலைக்கு இனி ஆறு பேர் தேவையில்லை, இரண்டு பேர் போதும். மீதிப் பேருக்குக் கணினிப் பிரிவில் இடம் உண்டு, ஆனால் பைத்தான் என்கிற நிரல் மொழியில் அடிப்படைத் தேர்வு ஒன்று எழுதித் தேற வேண்டும். மூன்று மாத அவகாசம். தேறாதவர்களுக்கு வேறு ஊர்க் கிடங்கில் வேலை, ரயிலில் ஒன்பது மணி நேரப் பயணம்.

எங்கள் வீட்டில் அவளும் நானும்தான். நான் மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள், வாய் கொஞ்சம் நீளம். அவள் போய்விட்டால் இந்த இரண்டு அறையில் நான் யாரோடு சண்டை போடுவது? சுற்றறிக்கையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த பயம் அதுதான். அதை அவளிடம் சொல்லவில்லை. "தேறலைன்னா தேறல, போய்ட்டு வா," என்று வீறாப்பாகச் சொல்லிவைத்தேன்.

தலைமை நூலகர் நல்ல மனிதர்தான். "அறிமுகப் புத்தகம் நம்மகிட்டயே பதினேழு இருக்கும்மா. ஏதாவது ஒண்ண எடுத்துப் படிங்க," என்றார். அந்த 'ஏதாவது ஒண்ணு'தான் என் அக்காவின் உயிரை வாங்கியது.

தினம் ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்தது. சமையலறை மேடையில் வைத்து நின்றபடியே பத்துப் பக்கம் படிப்பாள், மூடுவாள், பால்கனிக்குப் போவாள், வருவாள், மறுபடி திறப்பாள். டீயில் இரண்டு தடவை சர்க்கரை போடுவாள். ஒரு புத்தகத்தைத் தலையணை கனத்துக்காக ஒதுக்கினாள். இன்னொன்றைத் தூக்கி என் மடியில் போட்டாள். "மிக எளிது, மிக எளிதுன்னு ஒரே பக்கத்துல நாலு தடவ போட்டிருக்கான். அப்பவும் புரியலைன்னா நான் மக்குன்னுதானே அர்த்தம்?"

"வரிசையைப் பூஜ்யத்துலேர்ந்து எண்ணணுமாம்டி," என்று ஒருநாள் வாசலிலேயே ஆரம்பித்தாள். "முதல் அலமாரிக்கு நம்பர் பூஜ்யம்னா, வர்றவங்க புத்தகத்த விட்டுட்டு, வழி கேக்க என்னையே தேட ஆரம்பிச்சிடுவாங்க."

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒரு புத்தகத்திலும் இருபது பக்கம் தாண்டவில்லை. காரணம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவள் உள்ளே படிப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்த்துவிடுகிறாள். எல்லாப் புத்தகத்திலும் ஐம்பது, அறுபது பக்கம் வரை கறுப்பு. அதற்குப் பிறகு கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த வெள்ளை.

"எல்லாரும் ஒரே இடத்துல விழுந்திருக்காங்க பாரு. லூப் வர்ற இடம், அதான், ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்ற கட்டளை. ஒருத்தர்கூட எந்திரிக்கல."

"நீ படிக்கிறியா, இல்ல பிரேதப் பரிசோதனை பண்றியா?" என்று கத்தினேன். "போன்ல ஆயிரம் வீடியோ இருக்கு, அதப் பாத்துத் தொலையேன்!"

"வீடியோல எத்தனை பேர் பாதில எந்திரிச்சுப் போனாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

விளக்கை அணைக்கவும் விடாமல், படிக்கவும் படிக்காமல், அவளும் அலைந்து என்னையும் அலைக்கழித்தாள்.

பதினேழாவது புத்தகம் வந்த அன்று மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முன்னட்டை இல்லாத, அச்சு மங்கிய, பார்க்கவே சகிக்காத புத்தகம். ஆனால் ஓரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே கறுப்பு. பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரே உறுப்பினர் எண் பதினான்கு முறை.

"ஒருத்தர் போயிருக்காங்கடி. கடைசிவரைக்கும் போயிருக்காங்க!"

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தாள். என் பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டினாள். தட்டியதற்கெல்லாம் அது சிவப்பில் திட்டியது. ஒவ்வொரு வரியும் எத்தனை இடம் தள்ளித் தொடங்க வேண்டும் என்று மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். அறுபதாம் பக்கத்தைத் தாண்டியபோது என்னை எழுப்பிச் சொன்னாள். எங்கே மாட்டினாலும், "அவர் தாண்டியிருக்காரே," என்பாள். யாரென்றே தெரியாத அந்த ஆளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரரைப் போல மரியாதையாகப் பேச ஆரம்பித்தோம். அக்காவுக்குத் தன்னைப் பற்றிப் பேசும் பழக்கமே கிடையாது. நூலகத்தில் அவள் செய்த வேலையைக்கூட 'நாங்க பண்ணினோம்' என்றுதான் சொல்வாள். இப்போது எல்லாம் 'அவர்' ஆகிவிட்டது.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மாட்டினாள். பட்டியலில் விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடிக்கிற பயிற்சி. அவள் எழுதிய நிரல் ஓட ஆரம்பித்தால் நிற்கவே மாட்டேன் என்றது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேடைக்கும் பால்கனிக்கும் அவள் நடந்த நடையில் என் தலையே சுற்றியது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான்தான் சொன்னேன். "அந்தப் பதினாலு தடவ எடுத்தவரையே போய்க் கேட்டா என்ன? நம்பர்தான் இருக்கே."

"உறுப்பினர் விவரத்த வெளிய சொல்லக் கூடாதுடி."

"நீ யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அவர்கிட்டயே அவரப் பத்திக் கேக்கப் போறோம், அவ்வளவுதானே?"

மனசில்லாமல்தான் நூலகத்தின் பழைய உறுப்பினர் அட்டைகளில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தாள். நூலகத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மறுநாள் மதியம் இரண்டு பேரும் போனோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்ததும் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ தவறாம வந்து புதுப்பிச்சேன். ஒரு பக்கம் கிழிக்கல. அட்டை முன்னாடியே போயிருந்துச்சு, சத்தியமா!"

"ஐயோ, அதுக்கு வரல," என்றாள் அக்கா. "நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கத்துல ஒரு சந்தேகம்."

"எதுல?"

"இதுலதான். நீங்க முழுசா முடிச்சிருக்கீங்களே."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார். திரைக்கு அடியில் இப்போது ஒரு மரப்பலகை இருந்தது. "படிக்கணும்னுதான் எடுத்தேன். நாப்பது பக்கம் போறதுக்குள்ள மண்டை காஞ்சிடுச்சு. திரை தாழ்வா இருந்ததா, கழுத்து வலி... இத அடியில வெச்சா உயரம் சரியா இருந்துச்சு."

"அப்ப இந்த அழுக்கு?"

"மெஷின் மைப்பொடி மேடம். இந்தக் கடையில எது இருந்தாலும் கறுத்துடும். என் மூக்கக்கூடப் பாருங்க."

வேறு நேரமாக இருந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் ஓரம் பார்த்தவளுக்கு விரல் அழுக்கு எது, மைப்பொடி எது என்று தெரியாதா? தெரியும். தேவைப்பட்டதால் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றாமல் நடக்க ஆரம்பித்தாள். மேடை, பால்கனி, மேடை, பால்கனி. நான் குறுக்கே போய் நின்றேன். "போதும்க்கா. இன்னும் பதினேழு நாள் இருக்கு. வேற புத்தகம் எடுத்துக்கலாம். என்னை விட்டுட்டு அந்தக் கிடங்குக்கெல்லாம் நீ போகக் கூடாது, சொல்லிட்டேன்!" உள்ளே வைத்திருந்தது வெளியே கொட்டிவிட்டது.

அவள் பால்கனிக் கதவருகே நின்றாள்.

"ஏண்டி, அவர் நாப்பதுதான்னு சொன்னாரா?"

"ஆமா."

"நடுவுல வேற யாரும் எடுக்கல. சீட்டுல வேற நம்பரே இல்ல." என் பக்கம் திரும்பினாள். "அப்போ மீதி நூறு பக்கம் யார் வந்தது?"

புத்தகத்தைத் திறந்து, மளிகைச் சீட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். லூப்புக்குள் இருக்க வேண்டிய ஒரு வரி நாலு இடம் தள்ளாமல் வெளியே நின்றிருந்தது. அதைத் தள்ளியதும் நிரல் ஓடி, விட்டுப்போன எண்ணைச் சொல்லி, சமர்த்தாக நின்றது. "சனியனே," என்று லேப்டாப்பைக் கொஞ்சினாள்.

மீதி நாட்களும் நிம்மதியாக ஒன்றும் போகவில்லை. நடை நடைதான், டீயில் இரண்டு சர்க்கரைதான். ஆனால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மூடினாள். தேர்வில் நான்கு பேருக்கு இடம், அவள் நான்காவது. செய்தி போனில் வந்தபோது மருந்துக் கடையில் நான் போட்ட கூச்சலில் ஒரு வாடிக்கையாளர் மாத்திரையைக் கீழே போட்டுவிட்டார்.

போன வாரம் அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். புதுப் பிரிவின் மேசையருகே ஜெராக்ஸ் கடைக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அதே புத்தகம் வேண்டுமாம்.

"மறுபடியும் கழுத்து வலியா?" என்றேன். வாய் நீளம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

"இல்லம்மா, இந்தத் தடவ படிக்கத்தான்." அக்கா நீட்டிய புத்தகத்தை வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இத நிஜமாவே யாராவது கடைசிவரைக்கும் படிச்சிருக்காங்களா மேடம்?"

"படிச்சிருக்காங்க."

"யாரு?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நான்," என்றாள்.