படகு இளைத்த கதை

துறைமுகத்தில் அவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே கொஞ்சம் யோசித்தால்தான் நினைவுக்கு வரும். டீயை ஆற விடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். சட்டைப் பொத்தான்களைத் தெருவில் நடந்துகொண்டே போடுவார். கல்யாணத்தில் போட்டோக்காரர் தயாராவதற்குள் சிரித்து முடித்துவிட்டதால், எல்லாப் படத்திலும் பல்வலிக்காரர் மாதிரி நிற்கிறார்.

அவருடைய ஃபைபர் படகுக்கும் அதே சுபாவம்தான். வாங்கிய புதிதில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மீன் கிடைத்ததோ இல்லையோ, முதலில் போய் முதலில் திரும்பியவர் அவராகத்தான் இருப்பார். கூடப் போவது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். வாட்டசாட்டமான மனிதர். நிதானமாக வலை இழுப்பார், நிதானமாகச் சாப்பிடுவார், மாப்பிள்ளையின் அவசரத்தைப் பார்த்து நிதானமாகச் சிரிப்பார்.

படகுக்கு வயதாக ஆக வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தது, ஐஸ்கட்டி ஏற்றிவரும் படகு ஒருநாள் அவரை முந்திக்கொண்டு போனபோதுதான். ஐஸ் படகு என்றால் துறைமுகத்தில் கேலிக்கு உவமை சொல்கிற படகு. அதை ஓட்டியவர் ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, மறு கையால் டாட்டா வேறு காட்டினார். அப்படியென்றால் சுக்கானில் கையே இல்லை.

அன்றைக்கு அவசரம் மெதுவாகச் சாப்பிட்டார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மெக்கானிக்கம்மாவைக் கூட்டிவந்தார். துறைமுகத்தில் பாதி இன்ஜின்களைப் பிரித்து மாட்டியவர் அந்த அம்மா. அதிகம் பேச மாட்டார். ஆனால் அவசரத்தோடு வேலை செய்தால் யாராக இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

"இன்ஜின் செத்துப்போச்சு, கழட்டிடுங்க," என்றார் அவசரம்.

"பார்க்கவே இல்லையே அண்ணே."

பார்த்தார். கம்ப்ரஷன் நன்றாக இருந்தது. ஃபில்டர் சுத்தம். டீசல் தடையில்லாமல் வந்தது. "இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. எதையோ இழுக்க முடியாம திணறுது, அவ்வளவுதான்."

"அப்ப காத்தாடிதான்."

காத்தாடி என்று அவர் சொன்னது புரொப்பல்லரை. அதன் இதழ்களில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. பக்கத்துப் படகிலிருந்து நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டினார்கள். கொஞ்சம் தேறியது. காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்த அளவுக்குத் தேறியது.

"பாரமா இருக்கும்," என்றார் மெக்கானிக்கம்மா. "உள்ள இருக்கறதை எல்லாம் இறக்குங்க."

இறக்கினால், வந்துகொண்டே இருந்தது. நங்கூரங்கள் மட்டுமே ஒரு குடும்பம் அளவுக்கு இருந்தன. துருப்பிடித்த அடுப்பு, எந்த வாசலுக்கும் சேராத ஒரு கதவு, சைக்கிளே இல்லாத சைக்கிள் பம்பு. வேடிக்கை பார்க்க வந்த மனைவி குவியலுக்குள் கைவிட்டு ஒரு குக்கர் மூடியை எடுத்தாள்.

"இதைத் தொலைச்சதுக்கு என் தங்கச்சி மேல சந்தேகப்பட்டு ஒரு வருஷம் பேசாம இருந்தேன்," என்றாள்.

"படகுல தண்ணி இறைக்க வசதியா இருந்துச்சு."

"மூடியிலயா?"

அவசரத்துக்குச் சட்டென்று வேறு வேலை வந்துவிட்டது.

பாரம் இறக்கியும் படகு தவழ்ந்தது. அவசரம் கரையில் நின்று யோசித்தார். பார்வை மெல்ல மச்சானிடம் போய் நின்றது. மச்சான் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷத்தைவிட இப்போ நீங்க கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"விசாலமா இருக்கீங்க."

அன்று முதல் மச்சானுக்கு வெள்ளரிக்காயும் அவித்த காயும்தான். தொழிலுக்காக என்று அவரும் பொறுத்துக்கொண்டார். விஷயம் மனைவி காதுக்குப் போனதும் வீடு ரெண்டுபட்டது.

"படகு ஓடலைன்னா எங்கண்ணன் பட்டினி கிடக்கணுமா? நாளைக்கு மழை வரலைன்னா என்னைக் குளிக்க வேணாம்பீங்களா?"

"பட்டினி இல்லடி, சிக்கனம்."

"அப்ப நீங்களும் வெள்ளரிக்காய் தின்னுங்க."

அவசரத்தின் தட்டிலும் வெள்ளரிக்காய் விழுந்தது. இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் கடித்தார்கள். விரைவிலேயே பொறுமையிழந்த மச்சான், "மாப்ள, என்னை இறக்கிவிட்டு ஒரு தரம் ஓட்டிப் பாருங்க. வேகம் வந்தா நான் மரமேறப் போறேன்," என்றார். அவசரம் ஓட்டினார். கரையோரம் நடந்துபோன ஒரு நாய் படகோடு கூடவே வந்தது, அவ்வப்போது நின்று காத்திருந்தது. மச்சான் நேரே டீக்கடைக்குப் போய் மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, கணக்கை மாப்பிள்ளை பெயரில் எழுதச் சொன்னார்.

மெக்கானிக்கம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை இன்ஜின் பக்கமே போகவில்லை. தண்ணீரில் மிதந்த படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் ரொம்பவே அமுங்கியிருந்தது. அங்கே ஒரு ஓட்டையில் பழைய துணி திணித்திருந்தது.

"இது என்ன அண்ணே?"

"அதுவா, அதுவழியா தண்ணி உள்ள வருது. அதான் அடைச்சு வச்சிருக்கேன்."

"அது தண்ணி வெளிய போறதுக்கு வச்ச ஓட்டை."

"முன்ன போய்க்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு மூணு வருஷமா மனசு மாறிடுச்சு."

அந்த அம்மா சுத்தியலின் கட்டையால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டங் டங்' என்றது. பின்னால் வர வர 'தொப் தொப்' என்றது. "எடை போட்டுப் பார்த்துடுவோம்," என்றார்.

படகை டிரெய்லரில் ஏற்றி, லாரி எடை போடும் இடத்துக்கு இழுத்துப் போனார்கள். கண்ணாடி அறையில் இருந்தவர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "லோடை இறக்கிட்டு வாங்க சார்."

"இறக்கிட்டுத்தான் வந்திருக்கோம்."

"அப்ப உள்ள யாராவது இருக்காங்களா பாருங்க."

படகு கட்டிய பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, புதிதில் என்ன எடை இருந்தது என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட இன்னொரு படகை விழுங்கி வைத்திருந்தது இது.

வீட்டு வாசலில் நிறுத்தி, மெக்கானிக்கம்மா தளத்தின் பின்பக்கத்தில் டிரில்லரால் ஒரு துளை போட்டார். பழுப்புத் தண்ணீர் ஊற்று மாதிரி பொங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். மிதப்பதற்காகத் தளத்துக்கு அடியில் நிரப்பியிருந்த ஃபோம் முழுக்க, டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி ஊறிக்கிடந்தது. வருஷக்கணக்காக அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"எப்படி உள்ள போச்சு?" என்றார் மச்சான்.

மெக்கானிக்கம்மா தளத்தைக் காட்டினார். ஸ்க்ரூ ஓட்டைகள். டம்ளர் வைக்கும் தட்டுக்கு, ரேடியோவுக்கு, குடைக் கம்பிக்கு, மச்சான் சாய்ந்துகொள்ளும் நாற்காலிக்கு என்று அவசரம் துளைத்தவை. ஒன்றின் விளிம்பில்கூட பிசின் பூசி அடைக்கவில்லை.

"பிசின் காய நேரமாகுமே," என்றார் அவசரம், மெல்லிய குரலில்.

தளத்தை அறுத்துத் திறந்து, ஊறிய ஃபோமைச் சட்டி சட்டியாக வாரிக் கொட்டினார்கள். பிறகு படகு காயவேண்டும். அவசரத்தின் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காலம் வந்ததில்லை. பகலில் வெயில், மற்ற நேரம் வீட்டிலிருந்த மின்விசிறி எல்லாம் படகுக்கு. குடும்பம் வியர்வையில் கிடந்தது. மணிக்கொரு தரம் உள்ளே கைவிட்டு, "காஞ்சிருச்சு" என்பார். மெக்கானிக்கம்மா வந்து தொட்டுவிட்டு, "இல்ல" என்று சொல்லிப் போய்விடுவார். ஒருநாள் மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியோடு படகுக்குள் தவழ்ந்து போனவரை, மச்சான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

கடைசியில் அந்த அம்மா தலையாட்டினார். புது ஃபோம் நிரப்பி, தளத்தை மூடி, ஒவ்வொரு ஓட்டையையும் பிசினால் அடைத்தார்கள். பிசின் காயும்வரை அவசரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிவைத்தது மச்சான்.

தண்ணீரில் இறக்கியதும் படகு உயரமாக நின்றது. ஆக்சிலேட்டரை முறுக்கியதும் மூக்கைத் தூக்கியது, வழுக்கியது. அவசரம் வாய்விட்டுச் சிரித்தார். காற்றில் பொத்தான்கள் அவிழ்ந்து சட்டை பறந்தது. ஆனால் இன்ஜினுக்கும் வயதாகிவிட்டதல்லவா, புதிதில் ஓடிய அந்த வேகத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. யாருடைய படகில் ஏறினாலும் கட்டையால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "டங்" என்றால் முகத்தில் ஒரு ஏமாற்றம். "தொப்" என்றால் படகுக்காரர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், வீட்டில் மின்விசிறி எத்தனை இருக்கிறது என்று கேட்பார்.